சுகர்ல கால் விரல் அஞ்சும் எடுத்தாச்சு, 20 பர்சென்ட்னு எழுதிட்டாங்க. எந்த நோய்க்குத்தான் மாற்றுத்திறனாளி கார்டு கிடைக்கும்?

#1 பொதட்டூர்தறி

எல்லாருக்கும் வணக்கம். நான் பொதட்டூர்பேட்டை. எங்க நைனாவுக்கு 56 வயசு, நாப்பது வருஷமா தறிதான், மொதல்ல கைத்தறி அப்புறம் பவர்லூம். சுகர் வந்து 15 வருஷம் ஆவுது. போன ஆடி மாசம் வலது கால் சுண்டு விரல்ல சின்னதா ஒரு கொப்புளம், அவருக்கு வலியே தெரியல, தறி ஓட்டினே இருந்துட்டாரு, நாத்தம் வந்தப்புறம்தான் எங்கம்மா காலைப் புடிச்சி பாத்துது. அப்புறம் ஒண்ணு ஒண்ணா எடுத்து கடைசியில அஞ்சு விரலும் போயிடுச்சு. பாதம் தப்பிச்சிது, அதுவரைக்கும் சந்தோஷம். நடக்கறாரு, ஆனா தறிகிட்ட முன்ன மாதிரி நிக்க முடியல, திரும்பறப்ப பாலன்ஸ் போயி ரெண்டு தடவ விழுந்துட்டாரு.

போன மாசம் மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் குடுக்கற கேம்ப்புக்கு கூட்டினு போனோம். காலையில ஆறு மணிக்கு பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, மத்தியானம் ரெண்டு மணிக்கு கூப்பிட்டாங்க. டாக்டர் கட்டைப் பிரிச்சி பாத்தாரு, ரெண்டு நிமிஷம் கூட ஆகல, 20 பர்சென்ட்னு எழுதி சீல் வெச்சி குடுத்துட்டாங்க. 40 இருந்தாதான் மாசப் பணம், பஸ் பாஸ் எல்லாம்னு வெளியில வந்தப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு. 15 வருஷ சுகர், பிபி, ராத்திரி கண்ணு மங்கல், இதெல்லாம் கணக்குலயே வராதா? வீட்ல சம்பாதிக்கிற ஆளு உக்காந்துட்டாரு, இதுக்கு மேல என்னதான் ஆவணும்?

#2 வாலாஜாரோடு

எங்க மாமாவுக்கு பைபாஸ் பண்ணி நாலு வருஷம் ஆச்சு, மாடி ஏற முடியாது, அவருக்கும் கிடையாதுன்னுட்டாங்க. அதே தெருவுல காது கேக்காத ஒருத்தருக்கு கார்டு இருக்கு, நல்லா வேலைக்கு போறாரு. எந்த கணக்குல குடுக்கறாங்கன்னே புரியல எனக்கு.

#3 மூணுசக்கரம்

தம்பி, நான் திருத்தணி பக்கம், ரெண்டு வயசுல போலியோ, இப்ப 52 ஆவுது. இருபது வருஷமா ஜனங்கள கேம்ப்புக்கு கூட்டினு போறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கணும். இந்த கார்டு நோய்க்கு குடுக்கறது இல்ல. நோய் வந்து போயி, இல்ல வந்து நின்னு, உடம்புல எது நிரந்தரமா இல்லாம போச்சோ அதுக்கு குடுக்கறது. சுகர்னு எழுதினு போனா கிடையாது, பிபின்னு எழுதினு போனா கிடையாது, ஹார்ட் ஆபரேஷனுக்கும் கிடையாது. ஆனா அதே சுகர் காலை எடுத்திருந்தா காலுக்கு உண்டு, கண்ணை எடுத்திருந்தா கண்ணுக்கு உண்டு. வாலாஜாரோடு, உங்க மாமாவுக்கு உண்மையிலயே கஷ்டம்தான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா இதயம் அந்த லிஸ்ட்லயே இல்ல, அதான் விஷயம்.

லிஸ்ட் எதுன்னா, 1995 சட்டத்துல ஏழே ஏழுதான் இருந்துச்சு. 2016ல புது சட்டம் வந்து, 2017 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, அதுல 21 ஆச்சு. பார்வை சுத்தமா இல்லாதது, குறைவான பார்வை, காது, பேச்சு, கை கால் குறைபாடு, தொழுநோய்ல இருந்து குணமானவங்க, உயரம் குறைஞ்சவங்க, அறிவுத்திறன் குறைபாடு, மனநோய், ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, தசைச்சிதைவு, நாள்பட்ட நரம்பு நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன், கற்றல் குறைபாடு, அப்புறம் ரத்தத்துல வர்ற மூணு, தலசீமியா ஹீமோபிலியா சிக்கிள் செல், ஆசிட் வீச்சுல பாதிச்சவங்க, ஒண்ணுக்கு மேல குறை சேந்து இருக்கறவங்க. இதுதான் 21.

லிஸ்ட்ல பேரு இருந்தா மட்டும் போதாது, 40 பர்சென்ட் வரணும். அந்த பர்சென்ட்ட டாக்டர் இஷ்டத்துக்கு போடறது இல்ல, கெஜட்ல அட்டவணையே போட்டிருக்கான். கால் கணக்கு நான் மனப்பாடமா வெச்சிருக்கேன். தொடைக்கு மேல எடுத்தா 80, 85. முட்டிக்கு கீழ எடுத்தா 60ல இருந்து 70. கணுக்கால்ல எடுத்தா 55. பாதி பாதம் போனா 40. பாதத்துல முன்பக்கம் போனா 30. விரல் அஞ்சும் போனா 20. உங்க நைனாவுக்கு டாக்டர் போட்டது அந்த அட்டவணைப்படி சரிதான், தப்பா நெனைக்காதீங்க. எனக்கே இது மனசு ஆறல, ஏன்னா அட்டவணைக்கு தறி தெரியாது. நின்னுகினே வேலை செய்யறவனுக்கும் உக்காந்து வேலை செய்யறவனுக்கும் அதுல ஒரே 20தான்.

காது கேக்காதவருக்கு கார்டு இருக்குன்னீங்களே, வேலைக்கு போறது போகாதது கார்டுக்கு சம்பந்தமே இல்ல. ரெண்டு காதுலயும் 60 டெசிபல் சத்தம் வெச்சாதான் கேக்குதுன்னு ஆடியோகிராம்ல, அதாவது காது டெஸ்ட்ல வந்தா அவரு லிஸ்ட்ல வர்றாரு. அவரு வேலைக்கு போறது அவரோட தெம்பு, அதை ஒரு குறையா சொல்லாதீங்க.

#4 நகரிஅக்கா

நாங்க ஆந்திரா பக்கம் நகரி. வீட்ல தமிழ்தான், ஆபீஸ்ல தெலுங்கு. தம்பி உங்க கதைய படிச்சி மனசு கஷ்டமா இருந்துச்சு, இங்கயும் வீட்டுக்கு வீடு தறிதானே, எல்லாம் ஒரே பாடுதான்.

இந்தப் பக்கம் எப்படின்னா, மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்ட சதரம் சர்டிபிகேட்னு சொல்லுவாங்க, சச்சிவாலயம்னு ஊர்ல இருக்கற கவர்மெண்ட் ஆபீஸ்லயோ, மீசேவான்ற சேவை மையத்துலயோ ஸ்லாட் போட்டுட்டு போவணும். 40க்கு மேல வந்தா மாசம் 6000 பிஞ்சன், 2024ல 3000ஐ ஏத்தி 6000 ஆக்கினாங்க. படுத்த படுக்கையா சுத்தமா எழுந்திரிக்க முடியாதவங்களுக்கு 15,000. மாசம் ஒண்ணாந்தேதி சச்சிவாலயம் ஸ்டாஃப் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வெச்சி கையில குடுத்துட்டு போறாங்க.

எங்க கொழுந்தனாருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். கிட்னி அந்த 21ல இல்லதான், ஆனா இங்க டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு சதரம் இல்லாமயே தனியா 10,000 பிஞ்சன் குடுக்கறாங்க, ஆஸ்பத்திரி பேப்பர் காட்டணும். அது வந்தப்புறம்தான் அவரு ஆட்டோவுக்கு அண்ணன்கிட்ட கை நீட்டாம போய் வர்றாரு. டயாலிசிஸ் முடிஞ்சி வந்து படுத்தா அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு, அந்த ஆள பாத்து எந்த அட்டவணை வேலை செய்யலாம்னு சொல்லும் சொல்லுங்க.

#5 வாலாஜாரோடு

பார்டருக்கு அந்தப் பக்கம் 6000, இந்தப் பக்கம் 1500. ஒரே ஜனம், ஒரே தறி, ஒரே மாரியம்மன். பேசாம ஆதார்ல நகரி அட்ரஸ் மாத்திட்டு அங்க எழுதி வாங்கலாமே? எங்க ஊர்ல ரெண்டு மூணு பேரு அப்படித்தான் வாங்கறதா கேள்வி. யாராவது வழி சொல்லுங்க.

#6 நகரிஅக்கா

அண்ணா வேணாம். நான் கண்ணால பாத்ததை சொல்றேன். 2025ல இந்தப் பக்கம் மாற்றுத்திறனாளி பிஞ்சன் வாங்கறவங்களை எல்லாம் திரும்ப டாக்டர்கிட்ட வரச்சொல்லி செக் பண்ணாங்க, நோட்டீஸ் வந்து நெஜமா குறை இருக்கறவங்களே ராத்திரி தூங்காம கெடந்தாங்க. எங்க பக்கத்து வீட்டு பாட்டி, ஒரு கால் இல்ல, கம்பு ஊனித்தான் நடக்கும், அது கூட பயந்து போயி பழைய ஆபரேஷன் சீட்டெல்லாம் டிரங்க் பொட்டியில இருந்து எடுத்து வெயில்ல காய வெச்சி அடுக்கிச்சு. அட்ரஸ் மாத்தி வாங்கறவங்க வர வர, அந்தப் பாட்டி மாதிரி ஆளுங்கதான் திரும்ப திரும்ப க்யூவுல நிக்கணும்.

#7 மூணுசக்கரம்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. சட்டத்துலயே 91வது பிரிவு இருக்கு, மாற்றுத்திறனாளிக்குன்னு வர்ற சலுகைய பொய் சொல்லி வாங்கினாலோ வாங்கப் பாத்தாலோ ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ரேஷன் கார்டு இங்க, பிஞ்சன் அங்கன்னா ஆதார் நம்பர் ஒண்ணு போதும் காட்டிக்குடுக்க.

ஒரு விஷயத்துல மட்டும் நிறைய பேர் கொழம்பறாங்க. சர்டிபிகேட் வேற, பணம் வேற. சர்டிபிகேட்டு இந்தியா முழுக்க செல்லும், சட்டத்துலயே 58வது பிரிவுல இருக்கு. பொண்ணு நகரியில சதரம் வாங்கி, கல்யாணம் ஆகி பள்ளிப்பட்டு வந்தா, அந்த சர்டிபிகேட்ட வேணாம்னு இங்க யாரும் தள்ள முடியாது, யூடிஐடின்னு நாடு முழுக்க செல்லற மாற்றுத்திறனாளி கார்டு நம்பர் ஒண்ணுதான், அட்ரஸ் மட்டும் மாத்தணும். ஆனா பணம் அந்தந்த ஸ்டேட் கஜானாவுல இருந்து வர்றது, அதனால எங்க குடியிருக்கியோ அந்த ரேட்டுதான். 1960ல திருத்தணிய இந்தப் பக்கம் சேத்தாங்க, நகரியும் புத்தூரும் அந்தப் பக்கம் நின்னுடுச்சு, அன்னிக்கு போட்ட கோடு இன்னிக்கு ஒருத்தனுக்கு 1500னும் இன்னொருத்தனுக்கு 6000னும் பிரியுது. எனக்கும் வலிக்குதுதான். அதுக்கு இங்க ஏத்தணும்னு மனு குடுப்போம், போராடுவோம், அட்ரஸ் மாத்தறது வழி இல்ல.

தமிழ்நாட்டுல ரெண்டு ஆபீஸ் இருக்கு, அதையும் தெரிஞ்சிக்கோங்க. தாசில்தார் ஆபீஸ் வழியா வர்ற மாற்றுத்திறனாளி பென்ஷன் 2023 ஜனவரியில 1000ல இருந்து 1500 ஆச்சு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியா வர்ற பராமரிப்பு உதவித்தொகை 2000. அது எல்லாருக்கும் இல்ல, அறிவுத்திறன் குறைபாடு, 75க்கு மேல கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய்ல குணமானவங்க, பார்க்கின்சன் மாதிரி நரம்பு நோய் இவங்களுக்கு. ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும். 2000க்கு தகுதி இருக்கற பையனுக்கு தெரியாம 1500ல எழுதிட்டு வருஷக்கணக்கா அதையே வாங்கினு இருக்கற வீடுகள் எனக்கு தெரியும்.

#8 ஆர்கேபேட்டைடீச்சர்

வணக்கம். நான் ஸ்கூல்ல வேலை பாக்கறேன். இங்க கை கால் பத்தியே பேச்சு போவுது, கண்ணுக்கு தெரியாத குறை பத்தியும் நாலு வரி எழுதணும்னு தோணுச்சு.

என்கிட்ட ஏழாவது படிச்ச ஒரு பையன், கணக்கு வாயால கேட்டா டக்குன்னு சொல்லுவான், போர்டுல இருக்கறத எழுதச் சொன்னா எழுத்தெல்லாம் திரும்பி விழும், "தலை"ன்னு இருக்கறதை "லதை"ன்னு எழுதுவான். அவங்கப்பா சோம்பேறின்னு பெல்ட்டால அடிச்சிருக்காரு. அது கற்றல் குறைபாடு, 21ல ஒண்ணு. எட்டு வயசுக்கு மேல டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் குடுப்பாங்க, 14லயும் 18லயும் திரும்ப பாப்பாங்க. சர்டிபிகேட் இருந்தா பப்ளிக் எக்ஸாம்ல ஒரு மணி நேரம் கூடுதல், சொல்லச் சொல்ல எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்துல விலக்கு கேக்கலாம். அந்தப் பையனோட அப்பாவ உக்கார வெச்சி பேசினேன், அவரு ஒண்ணுமே பேசல, பையன் முதுக தடவிக்கினே இருந்தாரு.

அதே மாதிரி மனநோய். ஊர்ல பேய் புடிச்சிருக்குன்னு கோயிலுக்கு கூட்டினு போயி கட்டி வெப்பாங்க, கார்டு வாங்க மட்டும் வெக்கப்படுவாங்க. மனநல டாக்டர் நாலு விஷயம் பாக்கறாரு. தன்னைத் தானே பாத்துக்கறாங்களா, மத்தவங்களோட பழகறாங்களா, சொல்றது புரியுதா சொல்லத் தெரியுதா, வேலை செய்ய முடியுதா. ஒவ்வொண்ணுக்கும் நாலு மார்க் வரைக்கும், எத்தனை வருஷமா இருக்குன்னு அதுக்கும் மார்க், மொத்தம் 20க்கு 7 வந்தா 40 பர்சென்ட். கூட போறவங்க "நல்லாத்தான் இருக்காங்க டாக்டர்"னு கௌரவத்துக்காக சொல்லிடறாங்க. குளிக்க வெக்க எத்தனை மணி நேரம் கெஞ்சறீங்கன்னு உள்ளது உள்ளபடி சொல்லுங்க, அங்க மறைச்சா பாதிக்கப்படறது அவங்கதான்.

#9 புத்தூர்பையன்

எங்க பாட்டிக்கு பக்கவாதம் வந்து ரெண்டு மாசம் ஆவுது, இடது கை கால் வரல. இப்பவே ஸ்லாட் போடலாமா? அப்புறம் எங்க சித்தப்பாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா தெரியாது, இன்னொண்ணு நல்லா தெரியும், அவருக்கு வருமா?

#10 மூணுசக்கரம்

பாட்டிக்கு இப்ப வேணாம் தம்பி. பக்கவாதம்னா ஆறு மாசம் போவட்டும்பாங்க, ஏன்னா பிசியோல கை கால் திரும்பறதுக்கு வாய்ப்பு இருக்கு. அந்த ஆறு மாசம் பிசியோவ விடாதீங்க, கார்டை விட கை வந்தா நல்லது. அதுக்கப்புறமும் வரலைன்னா கை கால் குறைபாடுன்னு எழுதுவாங்க, பக்கவாதம்ங்கற பேருக்கு இல்ல.

ஒரு கண்ணு கணக்கு 30தான். நல்ல கண்ணுல கண்ணாடி போட்டு எவ்ளோ தெரியுதுன்னுதான் பாப்பாங்க, அது நல்லா இருந்தா 40க்கு வராது. புரைன்னாலும் அப்படித்தான், ஆபரேஷன் பண்ணா தெரியும்னா மொதல்ல ஆபரேஷன் பண்ணிட்டு வான்னுதான் சொல்லுவாங்க.

#11 நகரிஅக்கா

பொதட்டூர்தறி தம்பி, ஒண்ணு கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. நாப்பது வருஷம் தறி ஓட்டினவருன்னு எழுதியிருக்கீங்க. எங்க தெருவுல அவ்ளோ வருஷம் பவர்லூம் ஓட்டின ஆம்பளைங்க யாருக்கும் கை முழுசா இல்ல. உங்க நைனா கைய பாத்தீங்களா?

#12 பொதட்டூர்தறி

அக்கா நீங்க கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் கை நடுங்கிடுச்சு.

நைனாவுக்கு இடது கை கட்டை விரல் கிடையாது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே, பெல்ட்ல மாட்டி போச்சுன்னு சொல்லுவாங்க. எனக்கு நெனவு தெரிஞ்சதுல இருந்து அந்தக் கை அப்படித்தான், அதனால அது ஒரு குறைன்னே எங்க யாருக்கும் தோணல. இழை அறுந்தா ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவுல நூலை கவ்வினு, வலது கையால ஒரு சுத்து சுத்தி முடிச்சு போடுவாரு, நான் கட்டை விரல் வெச்சி போடறதை விட வேகமா. கேம்ப்புல கூட அந்தக் கையில துண்டை சுத்தி மடியில வெச்சினுதான் உக்காந்திருந்தாரு. டாக்டர் காலை கேட்டாரு, காலை காட்டினோம். கைய யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல.

இதுக்கு ஏதாவது வருமா அண்ணா?

#13 மூணுசக்கரம்

வரும் தம்பி, கவனமா படிங்க.

கட்டை விரல் எங்க போச்சுங்கறதுதான் கணக்கு. நுனிக் கணு போயிருந்தா 15. நடுவுல, விரல் ஆரம்பிக்கிற மூட்டுல போயிருந்தா 25. உள்ளங்கை எலும்போட அடி வரைக்கும் போயிருந்தா 30.

ரெண்டு எடத்துல குறை இருந்தா கூட்டல் போட மாட்டாங்க, ஒரு ஃபார்முலா இருக்கு. பெரிய பர்சென்ட்ட அப்படியே வெச்சிக்கணும். 90ல இருந்து அந்தப் பெருச கழிக்கணும், வர்றதை சின்ன பர்சென்ட்டால பெருக்கி 90ஆல வகுக்கணும், அதை பெருசோட சேக்கணும். அடியோட போயிருந்தா 30, அப்ப 90ல 30 போனா 60, 60ஐ 20ஆல பெருக்கினா 1200, 90ஆல வகுத்தா 13 சொச்சம், மொத்தம் 43. மூட்டுல போயிருந்தா 25, அதே கணக்குல 39 சொச்சம்தான் வரும், 40 தாண்டாது. அந்த ஒரு எலும்புலதான் இருக்கு எல்லாமே. அதனால மொதல்ல கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்க, ரெண்டு ஆங்கிள்ல, ரிப்போர்ட்ல எந்த எலும்பு வரைக்கும் இல்லைன்னு எழுதி வாங்குங்க. கால் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, காலுக்கும் எக்ஸ்ரே, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, பழைய 20 பர்சென்ட் சர்டிபிகேட் எல்லாம் ஒரே ஃபைல்ல. அந்த சர்டிபிகேட்ட மறைக்காதீங்க, கை விட்டுப் போச்சுன்னு நேரா சொல்லுங்க.

முடிவு சரியில்லைன்னா மேல்முறையீடு பண்ண சட்டத்துல 59வது பிரிவுல வழி இருக்கு. ஆனா உங்க கேஸ்ல டாக்டர் தப்பு பண்ணல, காட்டாததை எழுத முடியாது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல, "இடது கையையும் சேத்து மறுபடியும் பரிசோதிக்கணும்"னு ஒரே வரியில மனு குடுங்க, அது மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துக்கு போயி மெடிக்கல் போர்டுக்கு தேதி வரும். 2024ல விதிய மாத்தினாங்க, விண்ணப்பம் போட்டா மூணு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும்னு இருக்கு, அதனால தேதி தள்ளிப்போனா பதறாதீங்க.

ராத்திரி கண்ணு மங்கல்னு வேற எழுதியிருந்தீங்க. சுகர் கண்ணு நரம்பை தின்னும், கார்டுக்காக இல்லாம இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

உங்க நைனாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. நான் சின்ன புள்ளையில பள்ளிக்கூடத்துல எனக்கு பேரே நொண்டிதான். 2010ல கலைஞர் மாற்றுத்திறனாளின்னு வார்த்தைய மாத்தினப்ப நான் பேப்பரை ரெண்டு தடவ படிச்சேன். அதுவரைக்கும் நானும் கேம்ப்புல காலை வேட்டிக்குள்ளதான் மறைச்சினு உக்காருவேன். துண்ட எடுத்துட்டு கைய மேஜை மேல வெக்கச் சொல்லுங்க.

#14 வாலாஜாரோடு

நான் மொதல்ல எழுதினது கோவத்துல எழுதினது, மன்னிச்சிக்கோங்க. எங்க மாமாவுக்கு கார்டு வராதுன்னு இப்பதான் புரியுது. ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுல பேரு இருக்கான்னு பாக்கறேன். தறி தம்பி, எக்ஸ்ரே எடுத்தீங்களா?

#15 பொதட்டூர்தறி

எடுத்தாச்சு அண்ணா. டெக்னீஷியன் ஃபிலிமை லைட்ல மாட்டினாரு, நாலு விரலும் வெள்ளையா நீளமா இருக்கு, கட்டை விரல் எடத்துல உள்ளங்கைக்குள்ள இருக்கணும்னு சொன்ன எலும்பும் இல்ல, மணிக்கட்டு வரைக்கும் வெறும் இருட்டு. நைனா அதையே பாத்துனு இருந்தாரு. "இவ்ளோ போயிருக்கா"ன்னு கேட்டாரு. முப்பது வருஷமா அவரோட கை அது.

மனு போட்டாச்சு. தேதிக்கு வெயிட்டிங்.

#16 ஆர்கேபேட்டைடீச்சர்

நல்லபடியா முடியட்டும். அம்மாகிட்டயும் சொல்லுங்க, காலை தினமும் ராத்திரி பாக்கச் சொல்லுங்க, இன்னொரு கால் பத்திரமா இருக்கணும்.

#17 பொதட்டூர்தறி

ஏழு வாரம் கழிச்சி எழுதறேன், எல்லாருக்கும் சொல்லாம இருக்க முடியல.

போர்டுல வேற டாக்டர். நைனா உக்காந்ததும் துண்ட எடுத்து தோள்ல போட்டுட்டு ரெண்டு கையையும் மேஜை மேல வெச்சாரு, நான் சொல்லவே இல்ல. டாக்டர் எக்ஸ்ரேவ பாத்துட்டு, "இந்தக் கையோட எத்தனை வருஷம் தறி ஓட்டினீங்க"ன்னு கேட்டாரு. "முப்பது வருஷம்யா"ன்னாரு. அந்த டாக்டர் எழுதறதை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் அவரையே பாத்தாரு. அப்புறம் கால்குலேட்டர்ல மூணுசக்கரம் அண்ணா சொன்ன அதே கணக்கு. 43.

போன வாரம் யூடிஐடி கார்டு தபால்ல வந்துச்சு, மஞ்சள் பட்டை. 40ல இருந்து 80க்குள்ள இருக்கறவங்களுக்கு மஞ்சளாம், 80க்கு மேல நீலம், 40க்கு கீழ வெள்ளை. பென்ஷனுக்கு இ-சேவை மையத்துல போட்டிருக்கோம், விஏஓ வீட்டுக்கு வந்து விசாரிச்சிட்டு போனாரு. டவுன் பஸ்ல இப்பவே ஃப்ரீ, கூட போற ஒருத்தருக்கும் சேத்து. ட்ரெயின் கன்செஷன் கேட்டேன், துணை இல்லாம போவவே முடியாதவங்களுக்குதான் அதுன்னாங்க, நைனா தனியா போவாரு, அதனால அது இல்ல, பரவால்ல. உக்காந்து செய்யற மாதிரி பாவு சுத்தற வேலை ஒண்ணு பேசியிருக்கோம். கண்ணுக்கு லேசர் ரெண்டு தடவ வெச்சாங்க.

நகரிஅக்கா, நீங்க அந்த ஒரு கேள்வி கேக்கலைன்னா நாங்க 20ஓட வீட்டுக்குள்ளயே இருந்திருப்போம். அம்மா உங்களுக்கு புடவை நெய்ஞ்சி வெச்சிருக்குது, அட்ரஸ் தனியா அனுப்புங்க.

#18 நகரிஅக்கா

படிச்சிட்டு சத்தமா அழுதுட்டேன் தம்பி, பசங்க ஓடி வந்து என்னாச்சுன்னு கேக்கறாங்க. புடவைக்கு நானே வர்றேன், பொதட்டூர் எனக்கு அரை மணி நேரம்தான்.

மூணுசக்கரம் அண்ணா, எங்க அம்மா உங்க பக்கம், திருத்தணியில தம்பி வீட்ல இருக்காங்க. ரெண்டு காதும் பத்து வருஷமா கேக்கல, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பாது. வயசாச்சு அதனாலன்னு நாங்க விட்டுட்டோம். வயசுல போன காதுக்கும் கணக்கு உண்டா?

#19 மூணுசக்கரம்

உண்டு அக்கா. எதனால போச்சுன்னு அட்டவணை கேக்காது, எவ்ளோ போச்சுன்னுதான் கேக்கும். ரெண்டு காதுக்கும் ஆடியோகிராம் எடுத்து பேப்பரை வெச்சிக்கோங்க, அதுக்கு மொதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்து கிளீன் பண்ணிட்டு எடுங்க, இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. கார்டு வந்தா காது மிஷினும் கேக்கலாம். அம்மாவ கேம்ப் அன்னிக்கு காலையில எட்டு மணிக்கு கூட்டினு வாங்க, பேர் கூப்பிட்டா அவங்களுக்கு கேக்காது, டோக்கன் தப்பிடும். நான் கேட்டுக்கு உள்ள வேப்பமரத்தடியில வண்டியோட நிப்பேன், நம்பர் வந்தா நான் கை காட்டறேன்.